இரவல் கோட்டும் பட்டுக் கவுனும்

கம்ப்யூட்டர் வகுப்பில் இடம் கிடைத்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ட்ரெதமில் ஒரு கடைக்கு மேலே இருந்த வீட்டில் என் கணவர், நான், என் தம்பி என்று மூன்று பேர் இருந்தோம். இலங்கையில், ஊரில் நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் சரித்திரம் படிப்பித்தவள். லண்டனில் ஒரு ஆரம்பப் பாடசாலையின் குசினியில் மத்தியானச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் படித்தால் அலுவலக வேலை எடுக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். கவுன்சில் நடத்திய மாலை வகுப்புகளில் பதியப் போனேன். மேசையில் இருந்தவர் தலையை ஆட்டினார். கம்ப்யூட்டர் நிரம்பிவிட்டது. கணக்கியலும் நிரம்பிவிட்டது. புதன்கிழமை வகுப்பு ஒன்றில் மட்டும் இடமிருக்கிறது, விக்டோரியா மகாராணி காலத்துப் புகைப்படங்களைப் பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றார்.

"படத்தைப் பார்க்க வகுப்பு எதற்கு?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியாது. ஆனால் அந்த அறையில் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்யும்" என்றார்.

எங்கள் வீட்டு ஹீட்டர் அப்படி இல்லை. பதிந்துவிட்டு வந்தேன்.

ஏழெட்டுப் பேர் இருந்தோம். பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆங்கிலேயர்கள். ஆசிரியை என் வயதுக்காரி. எந்த நேரமும் தடிமன் பிடித்து ஒழுகுகிற மூக்கு, கம்பளிச் சட்டைக் கைக்குள் செருகிய கைக்குட்டை. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. கடைசிவரைக்கும் 'மிஸ்' என்றே கூப்பிட்டேன். முதல் நாள் ஒவ்வொருவரும் தாம் யார் என்று சொல்ல வேண்டியிருந்தது. என் முறை வந்தபோது "டீச்சர்" என்றேன். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு அவர் ஒரு சப்பாத்துப் பெட்டியைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற தடித்த அட்டைகள், அவற்றில் ஒட்டிய பழுப்புப் படங்கள். நின்ற ஆண்கள், இருந்த பெண்கள், பொம்மைபோல் உடுத்த பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினாராம்.

"இவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. இவர்களை அடையாளம் சொல்லக்கூடிய கடைசி ஆளும் செத்துப்போன பிறகுதான் படம் சந்தைக்கு வருகிறது. ஆளுக்கு ஒன்று எடுங்கள். தவணை முடியும்போது உங்கள் ஆளைப் பற்றி எங்களுக்குச் சொல்ல வேண்டும்" என்றார்.

நான் எடுத்த படத்தில் ஒரு இளம் பெண் நின்றாள். தரைவரை விரிந்த பட்டுக் கவுன். பின்னால் ஒரு பெரிய தூண், பாதி இழுத்துவிட்ட திரை, தொலைவில் ஒரு ஏரி. ஒரு கை நாற்காலியின் முதுகில் இருந்தது. மற்றக் கையில் ஒரு புத்தகம், விரலை நடுவில் வைத்து மூடியபடி, வாசித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கூப்பிட்டதுபோல. கையுறைகளை அணியாமல் புத்தகத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். முகத்தில் சிரிப்பில்லை. நேராகப் பார்த்தாள்.

என் பயிற்சிக் கொப்பியில் அன்று எழுதியது நினைவிருக்கிறது: பணக்கார வீட்டுப் பெண். படித்தவள். ஏரியோடு கூடிய மாளிகை. கொஞ்சம் தலைக்கனம்.

அடுத்தடுத்த கிழமைகளில் அந்த மாளிகை துண்டு துண்டாக விழுந்தது.

முதலில் விழுந்தது ஏரி. அது துணியில் வரைந்த சித்திரம் என்று ஆசிரியை காட்டினார். துணி தரையைத் தொடும் இடத்தில் ஒரு சுருக்கம் இருந்தது. பிறகு தூண். அது மரப்பலகை, உள்ளே வெறும் கோது. அடுத்தது அவளுடைய தலைக்கனம். அந்தக் காலத்தில் ஒரு படத்துக்குப் பல விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டும். அதற்காகக் கழுத்தைப் பின்னாலிருந்து பிடிக்க ஒரு இரும்புத் தாங்கி வைப்பார்கள். அவளுடைய கவுனின் ஓரத்துக்குப் பின்னால் அந்தத் தாங்கியின் கால் கொஞ்சம் தெரிந்தது. நான் தலைக்கனம் என்று எழுதியது அந்த இரும்பைத்தான்.

நிறத்தைக்கூட நம்ப முடியாதாம். அந்தக் காலத்துப் படத்தகடு நீலத்தை வெளுப்பாகவும், மஞ்சளையும் சிவப்பையும் கறுப்பாகவும் காட்டிவிடும். கறுப்புடுப்புப் போட்டவர்கள் எல்லோரும் துக்கம் காத்தவர்கள் என்று நினைக்கக்கூடாது, மஞ்சள் உடுத்தியவர்களாகவும் இருக்கலாம் என்றார். ஒருவருடைய தோல் எப்படி இருந்தது என்பதும் அப்படித்தான். எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் தன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "அப்படியென்றால் இந்த மனிதர் பச்சையாகக்கூட இருக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அந்தக் கிழவரிடமிருந்துதான் அடுத்தது வந்தது. அவர் எடுத்த படத்தில் ஒரு தாடிக்காரர் நின்றார். ஒருநாள் அவர் என் படத்தையும் தன் படத்தையும் அருகருகே வைத்துவிட்டு என்னை முழங்கையால் தட்டினார். அதே நாற்காலி. முதுகில் அதே செதுக்கல், அதே இடத்தில் ஒரு உடைவு. தாடிக்காரரின் கையில் அதே புத்தகம். அட்டைகளைத் திருப்பினோம். இரண்டின் பின்னாலும் ஒரே ஸ்டூடியோவின் முத்திரை. அவள் வாசித்துக்கொண்டிருக்கவில்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்த புத்தகத்தை அவளுக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

மிச்சமிருந்தது கவுன் ஒன்றுதான். அதையும் ஆசிரியை பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கச் சொன்னார். கீழ் ஓரத்துக்குச் சற்று மேலே தரைக்குச் சமமாக ஒரு கோடு ஓடியது. முன்பு மடித்துத் தைத்திருந்ததைப் பிரித்து நீளமாக்கிய தடம் அது. தோள் தையலும் தோளில் இருக்கவில்லை, சற்று உள்ளே இருந்தது. கட்டையான ஒருத்திக்குத் தைத்த கவுனை உயரமான ஒருத்தி போட்டிருக்கிறாள்.

"பட்டு, ஆனால் படம் எடுத்த காலத்துக்குச் சில வருஷம் முந்திய பாணி. எசமானிகள் தங்கள் பழைய உடுப்பை வேலைக்காரப் பெண்களுக்குக் கொடுப்பது வழக்கம். இப்போது கைகளைப் பாருங்கள்" என்றார் ஆசிரியை.

பார்த்தேன். பெரிய கைகள். விரல் மொளிகள் வீங்கியிருந்தன. நாற்காலியைப் பிடித்திருந்த விரல்களின் நுனி தடித்திருந்தது. கையுறையை ஏன் அணியாமல் பிடித்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. அவளுடைய கை அவற்றுக்குள் போயிருக்காது.

வகுப்பு முழுவதும் ஒரு குதூகலம். துப்புத் துலக்கிய சந்தோஷம். "ஆக, இவள் உண்மையில் வேலைக்காரி" என்று ஒரு பெண்மணி கொப்பியில் எழுதினார்.

நான் கையை உயர்த்தினேன். "மிஸ், அவள் இப்படித் தெரிய வேண்டும் என்றுதானே ஸ்டூடியோவுக்குப் போனாள்? நாங்கள் ஏன் அவளுடைய உடுப்பைக் கழற்றுகிறோம்?"

ஆசிரியை கொஞ்சம் யோசித்தார். "கழற்றாவிட்டால் அவள் ஒரு பட்டுக் கவுனாகவே இருந்துவிடுவாள். இப்படிக் கவுன்கள் ஆயிரம் இருக்கின்றன" என்றார்.

அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. எனக்கு அது போதவும் இல்லை. வேலைக்காரி என்று முடிவு கட்டியதிலும் ஒரு சந்தேகம். மூத்த சகோதரியின் கவுனாக இருக்கக்கூடாதா? வீட்டில் தானே சமைத்துத் துவைத்த ஒரு சின்னக் கடைக்காரரின் மகளாக இருக்கக்கூடாதா? கைகள் வேலை செய்தவை. அதற்கு மேல் படம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தவணையிலேதான் தம்பிக்குக் கலியாணப் பேச்சு தொடங்கியது.

தம்பிக்கு அப்போதுதான் அகதி அந்தஸ்து கிடைத்திருந்தது. பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. ஹரோவில் இருந்த என் கணவரின் சின்னம்மா, நான் மாமி என்று கூப்பிடுகிறவர், ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். ஊரிலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பில் இருக்கும் குடும்பம், பெண் டியூசன் வகுப்பில் கணக்குப் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளையின் படம் அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஹரோவுக்கு வரச் சொன்னார்.

தம்பியிடம் கோட் இல்லை. என் கணவருடையதைப் போட்டான். இவர் தம்பியைவிட அகலம், கையும் நீளம். மாமியின் வீட்டு வாசலில் அவருடைய மகனின் புதுக் கார் நின்றது. மாமி அதற்குப் பக்கத்தில் அவனை நிறுத்தினார்.

"கொஞ்சம் சாஞ்சு நில், தம்பி. உன்ரை கார் மாதிரி."

"என்ரை கார் இல்லையே, மாமி."

"ஆர் இப்ப உன்ரை எண்டு சொன்னது? கார் அதுபாட்டுக்கு நிக்குது. நீ உன்ரைபாட்டுக்கு நில்."

நான் இடையில் புகுந்தேன். "மாமி, காரை விட்டிட்டு உள்ளுக்குக் கதிரையில இருத்தி எடுப்பமே?"

"பிள்ளை, உனக்கு இதுகள் விளங்காது. அவையளுக்கு வேற மாப்பிளைமாரின்ரை படமும் போகும். கனடாவில இருந்து ஒருத்தன் ரெண்டு கார் வைச்சு எடுத்தனுப்பியிருக்கிறானாம். இவன் கதிரையில இருந்தால் என்னெண்டு நினைப்பினம்? கால் ஏலாதெண்டு நினைப்பினம்."

தம்பி சாயவில்லை. காருக்கும் தனக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி விட்டு, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, நேராக நின்றான். மாமியின் மகன் படத்தை எடுத்தான்.

கழுவி வந்ததும் நான் குசினி மேசையில் வைத்துப் பார்த்தேன். தோள் தையல் தோளில் இருக்கவில்லை. விரல்களில் பாதி கோட்டின் கைக்குள். பின்னால் மாமியின் வீடு, வெட்டிய புல், வெள்ளை யன்னல்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே படத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

தவணையின் கடைசிக்கு முந்திய கிழமை, வீட்டுப் படம் ஒன்று கொண்டுவரச் சொன்னார் ஆசிரியை. எந்தக் காலத்துப் படமானாலும் பரவாயில்லை, யார் என்று சொல்லாமல் மேசையில் வைக்க வேண்டும், மற்றவர்கள் வாசிப்பார்கள். எங்கள் வீட்டுப் பழைய படங்கள் எல்லாம் ஊரில் நின்றுவிட்டன. ஓடும்போது யாரும் அல்பத்தைத் தூக்கவில்லை. தம்பியின் படத்தில் ஒரு மேலதிகப் பிரதி இருந்தது. அதைக் கொண்டுபோய் வைத்தேன்.

பூதக்கண்ணாடி கைமாறியது.

"வசதியான ஆள். வியாபாரமாக இருக்கும். வீடும் இவருடையதுதான்."

"இல்லை, கோட்டைப் பாருங்கள். இது இவருக்குத் தைத்தது இல்லை."

"காரும் இவருடையது இல்லை. தன்னுடைய கார் என்றால் ஆட்கள் அதைத் தொடுவார்கள். இவர் விலகி நிற்கிறார்."

"சப்பாத்தைப் பாருங்கள். வேலைச் சப்பாத்து. நாள் முழுக்க நிற்கிற வேலை."

ஒன்றும் பிழையில்லை. ஒவ்வொன்றும் உண்மை. அவர்கள் கெட்டவர்களும் இல்லை. தவணை முழுக்க நாங்கள் சேர்ந்து பழகிய வேலையைத்தான் செய்தார்கள். ஆனால் எனக்குக் காது சூடாகியது. அந்தச் சப்பாத்தை வாசல்படியில் கழற்றிவிட்டு அவன் சத்தமில்லாமல் படியேறி வருவது எனக்குத் தெரியும். கோட் இரவல் என்றால் அவன் என்ன இரவல் ஆளா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது.

"ஏன் அந்தாள் இவ்வளவு நேராக நிற்கிறார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவர் என் தம்பி. அவருக்குப் பொய் சொல்ல வராது" என்றேன்.

பக்கத்திலிருந்த கிழவர் படத்தை எடுத்து, ஓரத்தில் பிடித்து, கவனமாக என்னிடம் திருப்பித் தந்தார்.

கடைசி வகுப்பில் என் பட்டுக் கவுன்காரியைப் பற்றிப் பேசினேன். நாற்காலி, புத்தகம், ஏரி, தூண், தையல் எல்லாவற்றையும் சொன்னேன். இவள் யார் என்று எனக்குத் தெரியாது, வேலைக்காரி என்றும் சொல்லமாட்டேன், சீமாட்டி என்றும் சொல்லமாட்டேன் என்றேன். ஒருநாள் தனக்கிருந்ததில் நல்லதை உடுத்துக்கொண்டு படியேறிப் போனாள், கழுத்தில் இரும்பு குத்தியபோதும் அசையாமல் நின்றாள், அந்த விநாடிகளில் தான் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவளே தீர்மானித்தாள், அதை நான் மதிக்கிறேன் என்று முடித்தேன். கை தட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகு ஆசிரியை மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நன்றாக இருந்தது. ஆனால் அவளுடைய கைகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்."

"ஓம் மிஸ், வேண்டுமென்றுதான் விட்டேன்."

"சொல்லியிருக்க வேண்டும். அந்தப் படத்தில் மற்றதெல்லாம் வேறு யாருடையதோ. கைகள் அவளுடையவை. அவள் அவற்றை ஒளிக்கவும் இல்லை. கவுன் மடிப்புக்குள் மறைத்திருக்கலாம். மறைக்காமல் நாற்காலியின் மேல் வைத்திருக்கிறாள்."

பஸ்ஸில் வரும்போது அதை யோசித்துக்கொண்டே வந்தேன். நான் அவளுக்கு மரியாதை செய்வதாக நினைத்தேன். அந்த மரியாதையில் அவளுடைய கைகளுக்கு இடமில்லாமல் போயிருந்தது. அவை பார்க்கக்கூடாதவை என்று நான்தான் முடிவு செய்திருந்தேன். பாடசாலைக் குசினியில் சட்டி தேய்த்துத் தேய்த்து என் கைகளும் அப்போது அப்படித்தான் இருந்தன. வகுப்பில் அவற்றை மேசைக்கு மேலே வைத்த ஞாபகம் எனக்கு இல்லை.

சில கிழமைகளில் கொழும்பிலிருந்து பெண்ணின் படம் வந்தது. ஸ்டூடியோப் படம். பின்னால் வரைந்த பூந்தோட்டம். பச்சைப் பட்டுச் சேலை, கழுத்தில் கனமான சங்கிலி. நான் விடவில்லை. தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன்.

"இஞ்சை பார். முகத்துக்கும் கழுத்துக்கும் நிறம் வேற. ஸ்டூடியோக்காரன் முகத்தை வெளுக்கப் பண்ணியிருக்கிறான். மூக்கில ரெண்டு பக்கமும் தடம் இருக்கு, பார். கண்ணாடி போடுற பிள்ளை, படத்துக்காகக் கழட்டியிருக்கு. அதுதான் பார்வை எங்கேயோ போகுது. சங்கிலியும் அவவின்ரை இல்லைப்போல..."

தம்பி படத்தை என் கையிலிருந்து மெல்ல எடுத்தான்.

"அக்கா, உங்கட வகுப்பு முடிஞ்சுதெல்லே?"

"ஓம், முடிஞ்சுது."

"அப்ப விடுங்கோ. நான் பொம்பிளையைப் பாக்கிறன்."

படத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டான்.

இரண்டு பக்கமும் சம்மதம் என்றானதும் போனில் கதைக்க ஏற்பாடு செய்தார் மாமி. பெண் வீட்டில் போன் இல்லை. தெருமுனையில் இருந்த கொம்யூனிக்கேஷன் கடைக்கு அவள் வந்து காத்திருப்பாள், இவன் லண்டனிலிருந்து அந்தக் கடைக்குப் போன் எடுக்க வேண்டும். முதல் நாள் அவன் குசினியில் நின்றுதான் கதைத்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எழும்பிப் போக நினைத்தேன், இரு என்று கையால் காட்டினான்.

சாப்பிட்டீங்களா, வெயிலா, மழையா எல்லாம் முடிந்தது. பிறகு அவன் தொண்டையைச் செருமினான்.

"ஒரு விசயம் சொல்ல வேணும். அந்தப் படத்தில நிக்கிற கார் என்ரை இல்லை. வீடும் என்ரை இல்லை. கோட் அத்தான்ரை. நான் பெற்றோல் ஸ்டேஷனில நிக்கிறன். அதைத் தெரிஞ்சுகொண்டு நீங்கள் முடிவெடுக்க வேணும்."

தம்பி சுவரைப் பார்த்தபடி நின்றான். திடீரென்று அவன் முகம் மாறியது. சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். போனை வைத்த பிறகுதான் எனக்குச் சொன்னான்.

"தனக்கு அப்பவே தெரியுமாம். கையில பாதி கோட்டுக்குள்ள கிடக்காம். கார் சுடுற மாதிரி விலகி நிக்கிறனாம். வந்த படங்களுக்கை இந்தாள்தான் அந்தரப்பட்டுக்கொண்டு நிக்குது, இதுதான் எனக்குச் சரியெண்டு தாய்க்குச் சொன்னவவாம்."

"அவவின்ரை படத்தைப் பற்றி என்ன சொன்னவ?"

தம்பி சிரித்தான். "சங்கிலி ஒண்டைவிட்ட அக்காவின்ரையாம். கண்ணாடி இல்லாட்டில் பக்கத்தில நிக்கிற ஆளையும் தெரியாதாம்."

அகதிக் கடவுச்சீட்டோடு அவன் இலங்கைக்குப் போக ஏலாது. அதனால் கலியாணம் திருச்சியில் நடந்தது. எனக்கும் இவருக்கும் லீவு கிடைக்கவில்லை. மாமி போய் நடத்தி வைத்தார். தம்பி மூன்று கிழமை நின்றுவிட்டுத் திரும்பினான், அவள் கொழும்புக்குப் போய் விசாவுக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத்தில் கலியாண அல்பத்தைக் கேட்டார்கள். மெய்யான கலியாணமா, பேப்பருக்குச் செய்ததா என்று பார்க்க வேண்டுமல்லவா.

நடந்ததை அவள் பிறகு எங்களுக்குச் சொன்னாள். அதிகாரி ஒரு ஆங்கிலேயர், மரியாதையானவர். அல்பத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். தாலி கட்டும் படத்தில் நிறுத்தி, மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்: "இதில் நீங்கள் ஏன் சந்தோஷமாக இல்லை?"

அவளுக்கு விளங்கவில்லை. தாலி கட்டும்போது குனிந்திருக்காமல் சிரித்துக்கொண்டா இருப்பார்கள்? அடுத்த பக்கம் குடும்பப் படம். அதிலும் யாரும் சிரிக்கவில்லை. தகப்பன் துப்பாக்கிக்கு முன்னால் நிற்பதுபோல் நின்றார்.

"எங்கட ஆக்கள் படத்துக்குச் சிரிக்க மாட்டினம். படம் கன காலத்துக்கு இருக்கிற சாமான் எண்டு நினைக்கிற ஆக்கள்" என்றிருக்கிறாள். அதிகாரி அதைக் கேட்டுவிட்டு இன்னும் சில பக்கம் திருப்பினார். விருந்துப் படம் ஒன்று. வாழையிலைக்கு முன்னால் தம்பி ஏதோ சொல்ல, அவள் கண்ணாடியோடு தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். படப்பிடிப்பாளர் வீண்போன படம் என்று ஒதுக்கியதை மாமிதான் அல்பத்தில் சேர்க்கச் சொன்னாராம். அதிகாரி அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு அல்பத்தை மூடினார்.

விசா கிடைத்தது. அந்த ஒரு படத்தால்தான் கிடைத்தது என்று மாமி இன்றுவரை சொல்லுவார். இருக்கலாம். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் வந்தது. அந்த அதிகாரியின் கையிலும் ஒரு பூதக்கண்ணாடி இருந்திருக்கிறது. என் வகுப்பில் பிழையாக வாசித்தால் கொப்பியில் ஒரு வரியை வெட்டிவிடலாம். அங்கே அப்படி இல்லை.

அவள் வந்து எங்களோடு சில மாதம் இருந்தாள். பிறகு இருவரும் கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸில் ஒரு அறை எடுத்துப் போனார்கள். தம்பி அந்தப் பக்கத்துப் பெற்றோல் ஸ்டேஷனுக்கு மாறினான். அவள் ஒரு மலிவுக் கமெராவை வாங்கி, ஒரு சனிக்கிழமை பகலில் அவன் வேலை செய்கிற இடத்துக்குப் போய், யூனிபோமோடு, நெஞ்சில் பெயர்த் துண்டோடு, பம்புக்குப் பக்கத்தில் அவனை நிறுத்திப் படம் எடுத்தாள். அதைக் கொழும்பில் இருந்த தாய்க்கு அனுப்பினாள்.

மாமிக்கு விசயம் போய்விட்டது. எனக்குப் போன் எடுத்துச் சத்தம் போட்டார். "ஏன் பிள்ளை, அவளுக்கு என்ன விசரே? ஊர் முழுக்கக் காட்டப்போகினம். கோட்டோட எடுத்த படம் எவ்வளவு வடிவாயிருந்தது! உந்தப் பம்புப் படத்தையே அனுப்புறது?"

நான் அவளிடம் கேட்டேன். "அம்மா என்னவாம், படத்தைப் பாத்திட்டு?"

அவள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கேத்திலைக் கீழே வைத்தாள்.

"அம்மா அதைப் பிரேம் போட்டு முன் அறையில வைச்சிருக்கிறா, மச்சாள். அந்தப் பெற்றோல் ஸ்டேஷன் மாப்பிளையின்ரை சொந்தச் செட் எண்டு அயலட்டையில எல்லாரும் நினைக்கினமாம்."

"அம்மா இல்லையெண்டு சொல்லேல்லையோ?"

"கேட்டனான். 'ஆர் என்னட்டைக் கேட்டது, நான் இல்லையெண்டு சொல்ல?' எண்டிறா."